கேள்வி–பதில்: 140, 18, 8, 1, 1

போன இதழில், 2015இல் இலங்கைப் பாராளுமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவரான சம்பந்தனைப் பற்றி வந்த கேள்விக்குப் பதில் எழுதும்போது, “அவருக்கு முன்பே 1977இல் அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவராக இருந்திருக்கிறார்” என்று போகிற போக்கில் ஒரு வரி போட்டுவிட்டேன். அவ்வளவுதான், இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான். சரி, இந்த வாரம் கிரிக்கெட்டும் இல்லை, சாத்திரமும் இல்லை. 1977 சபை மட்டும்.

கே: 168 பேர் இருந்த சபையில் வெறும் 18 பேரை வைத்துக்கொண்டு ஒரு தமிழ்க் கட்சி எப்படிப் பிரதான எதிர்க்கட்சி ஆனது? – வாசகர், வவுனியா

ப: 18 பெரிய எண்ணாக இருந்ததால் இல்லை. அடுத்து நின்ற எண் 8 ஆக இருந்ததால்.

1977 ஜூலை 21 தேர்தல் இரவு எனக்குப் பன்னிரண்டு வயது. எங்கள் வீட்டு விறாந்தையில் அப்பா ஒரு சி.ஆர். கொப்பியைத் திறந்து அடிமட்டம் வைத்துக் கோடு போட்டார். ஐக்கிய தேசியக் கட்சியின் யானைக்கு ஒரு பத்தி, சுதந்திரக் கட்சியின் கைச் சின்னத்துக்கு ஒன்று, தமிழர் விடுதலைக் கூட்டணியின் உதயசூரியனுக்கு ஒன்று, சமசமாஜக் கட்சியின் திறப்புக்கும் கம்யூனிஸ்டுகளின் நட்சத்திரத்துக்கும் ஒடுக்கமாக ஒவ்வொன்று. வானொலியில் ஒவ்வொரு தொகுதியாக முடிவு வாசிக்க வாசிக்க எழுதிக்கொண்டு வந்தார். விடியப்புறம் நான் கண் முழித்துப் பார்த்தால் யானைப் பத்தி நிரம்பி, இடம் போதாமல், பக்கத்தில் வெறுமையாய்க் கிடந்த கைப் பத்திக்குள்ளும் யானையின் தொகுதிகளையே எழுதிக்கொண்டிருக்கிறார். திறப்பும் நட்சத்திரமும் கடைசிவரை வெள்ளைக் கடதாசிதான். என்.எம். பெரேரா, கொல்வின் ஆர். டி சில்வா என்று சுதந்திரத்துக்கு முன்பிருந்தே அரசியல் செய்த இடதுசாரித் தலைகள் எல்லாம் உருண்டு, இடதுசாரிகள் ஒருவர்கூட இல்லாத சபையாக அது அமைந்தது.

முடிவு இதுதான். ஐக்கிய தேசியக் கட்சி 140, தமிழர் விடுதலைக் கூட்டணி 18, சிறிமாவோவின் ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சி 8, இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் 1, சுயேச்சை 1. கூட்டிப் பாருங்கள், 168 சரியாக வரும். அரசாங்கத்தில் சேராத கட்சிகளில் பெரியது எதுவோ அதன் தலைவருக்குத்தான் எதிர்க்கட்சித் தலைவர் கதிரை என்பது மரபு. அந்தக் கதிரை காங்கேசன்துறையில் வென்ற கூட்டணியின் அ. அமிர்தலிங்கத்துக்கு வந்தது. அதற்கு முந்திய 1970 தேர்தலில் அவர் வட்டுக்கோட்டையில் தோற்றவர் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஏழு வருடத்துக்கு முதல் சொந்தத் தொகுதியே கைவிட்ட மனிதர்.

இதில் ஒரு வேடிக்கை. 1976 மே மாதம் வட்டுக்கோட்டையில் தனிநாடு வேண்டும் என்று தீர்மானம் போட்டுவிட்டு, அந்தத் தீர்மானத்துக்குத்தான் வாக்குக் கேட்கிறோம் என்று சொல்லிப் போட்டியிட்ட கட்சி, தான் பிரிந்துபோக வேண்டும் என்று சொன்ன அதே நாட்டின் சபையில் இரண்டாவது பெரிய கட்சியாகப் போய் உட்கார்ந்தது.

கே: சுமார் 30 வீத வாக்கு எடுத்த சுதந்திரக் கட்சிக்கு 8 ஆசனம், 7 வீதம்கூட எடுக்காத கூட்டணிக்கு 18. தமிழர்களுக்கு லாபம் என்பதற்காக அதை நியாயம் என்பீர்களா? – வாசகி, கண்டி

ப: நியாயம் என்று சொல்லவில்லை அம்மா. ஆனால் லாபம் அடைந்தது கூட்டணி என்று நினைத்தால் கணக்குப் பிழைத்துவிடும்.

ஒரு ஆசனத்துக்கு ஒவ்வொரு கட்சியும் எத்தனை வாக்கு ‘விலை’ கொடுத்தது என்று பார்ப்போம். யானைக்கு 31 இலட்சத்துக்கு மேல், 140ஆல் பிரித்தால் ஒரு ஆசனம் சுமார் 23,000. கூட்டணிக்கு 4 இலட்சத்து 20 ஆயிரம் அளவில், 18ஆல் பிரித்தாலும் ஏறக்குறைய அதே 23,000. இரண்டு பேரும் ஒரே விலைக்குத்தான் வாங்கியிருக்கிறார்கள். சுதந்திரக் கட்சிக்கு 18 இலட்சத்துக்கு மேல் விழுந்தும் ஒரு ஆசனம் 2 இலட்சத்து 30 ஆயிரம்! பத்து மடங்கு விலை கொடுத்த ஒரே ஆள் அம்மையார்தான்.

காரணம் தொகுதிவாரி முறை. ஒரு தொகுதியில் ஒரு வாக்கால் முந்தினாலும் ஆசனம் முழுசாக உங்களுக்கு, இரண்டாவதாக வந்தவரின் வாக்கெல்லாம் குப்பைக்கூடைக்கு. கூட்டணியின் வாக்கு வடக்கிலும் கிழக்கிலும் ஒரே இடத்தில் குவிந்து கிடந்தது, அதனால் வீணாகவில்லை. சுதந்திரக் கட்சியின் வாக்கோ தெற்கு முழுக்கச் சமமாகத் தடவிய வெண்ணெய் மாதிரி, எல்லா இடத்திலும் இருந்தது, எங்கேயும் முந்தப் போதவில்லை.

அதோடு, சுதந்திரக் கட்சிக்காக அழுகிறவர்கள் 1970ஐயும் ஒருக்கால் திரும்பிப் பார்க்க வேண்டும். அந்த வருடம் நாடு முழுக்க அதிக வாக்கு எடுத்த தனிக் கட்சி யானைதான், சுமார் 38 வீதம். கிடைத்த ஆசனம் 17. அதைவிடச் சற்றுக் குறைய எடுத்த சுதந்திரக் கட்சிக்கு 91. (கூட்டாளிகளுக்கு விட்டுக்கொடுத்துக் குறைந்த தொகுதிகளில் போட்டியிட்டது அதற்கு ஒரு காரணம்.) இன்னும் பின்னால் போனால் 1956இல் ஆட்சியில் இருந்த யானை சுருண்டு விழுந்து எத்தனை ஆசனத்தோடு வந்தது தெரியுமா? அதே 8. இருபத்தொரு வருடத்தில் அந்த எட்டு ஒரு கட்சியிடமிருந்து மற்றக் கட்சிக்குக் கைமாறியது, வேறொன்றும் இல்லை.

கே: அந்த 18 பேர் யார் யார்? எந்தத் தொகுதி? – வாசகர், மார்க்கம்

ப: வடக்கில் 14, கிழக்கில் 4. காங்கேசன்துறை அமிர்தலிங்கம், யாழ்ப்பாணம் யோகேஸ்வரன், நல்லூர் மு. சிவசிதம்பரம், மானிப்பாய் தர்மலிங்கம், வட்டுக்கோட்டை திருநாவுக்கரசு, ஊர்காவற்றுறை கா.பொ. இரத்தினம், கோப்பாய் கதிரவேற்பிள்ளை, உடுப்பிட்டி இராசலிங்கம், பருத்தித்துறை துரைரத்தினம், சாவகச்சேரி நவரத்தினம், கிளிநொச்சி ஆனந்தசங்கரி, வவுனியா தா. சிவசிதம்பரம், முல்லைத்தீவு செல்லத்தம்பு, மன்னார் சூசைதாசன். கிழக்கில் திருகோணமலை சம்பந்தன், மட்டக்களப்பு இராசதுரை, பட்டிருப்பு கணேசலிங்கம், பொத்துவில் கனகரத்தினம்.

போன இதழில் கேட்ட சம்பந்தன் பாராளுமன்றத்துக்குள் முதன்முதல் கால் வைத்ததும் இந்தச் சபையில்தான். 38 வருடம் கழித்து, 2015இல், 225 பேர் சபையில் 16 பேரை வைத்துக்கொண்டு அதே கதிரையில் உட்கார்ந்தார். அப்போதும் காரணம் எண்ணிக்கை அல்ல. இரண்டு பெரிய கட்சிகளும் சேர்ந்து அரசாங்கம் அமைத்ததால் எதிர்ப்பக்கம் காலியாகிவிட்டது.

கே: மலையகத் தமிழர்களை ஏன் எல்லோரும் மறந்துவிடுகிறீர்கள்? அந்தச் சபையில் எங்கள் ஆளும் இருந்தாரே! – வாசகர், ஹட்டன்

ப: மறக்கவில்லை, வரிசையில் தொழிலாளர் காங்கிரஸின் அந்த ‘1’ அவர்தான். சௌமியமூர்த்தி தொண்டமான், நுவரெலியா–மஸ்கெலியா மூன்றாவது உறுப்பினர். அப்போது 160 தொகுதிகளில் ஆறு மட்டும் பல அங்கத்தவர் தொகுதிகள். நுவரெலியா–மஸ்கெலியாவுக்கும் கொழும்பு மத்திக்கும் மூன்று பேர், பேருவளை, ஹாரிஸ்பத்துவ, மட்டக்களப்பு, பொத்துவில் நான்குக்கும் இரண்டு பேர். நுவரெலியா–மஸ்கெலியாவில் முதலாவதாக யானையின் காமினி திசாநாயக்க, இரண்டாவதாக அம்மையாரின் மகன் அநுர, மூன்றாவதாகத் தொண்டமான். ஒரே தொகுதியில் ஆளும் கட்சி, சிங்கள எதிர்க்கட்சி, தோட்டத் தொழிற்சங்கம் மூன்றும்.

1948இல் குடியுரிமையைப் பறித்தபிறகு மலையக மக்கள் வாக்களித்து ஒருவரைச் சபைக்கு அனுப்ப முப்பது வருடம் எடுத்தது. இடையில் தொண்டமான் நியமன உறுப்பினராக இருந்தார், அது வேறு. கூட்டணி தொடங்கியபோது செல்வநாயகம், ஜி.ஜி. பொன்னம்பலம் இருவரோடு மூன்றாவது தலைவராக இருந்தவரும் அவரே. தனிநாடு என்றதும் ‘அது எங்கள் சனத்துக்குச் சரிவராது’ என்று தனியாகப் போட்டியிட்டார். 1978இல் யானைக் கட்சித் தலைவர் ஜே.ஆர். ஜயவர்த்தனவின் அமைச்சரவையில் சேர்ந்துவிட்டார். யாழ்ப்பாணத்தில் அப்போது அவரைத் திட்டாத திண்ணை இல்லை. எனக்கு இப்போது யோசித்தால், தோட்டத்தில் இருப்பவனுக்குத் தமிழீழ எல்லை எங்கே போகும் என்று அவர் கேட்டது நியாயமான கேள்வியாகத்தான் படுகிறது.

யானைச் சின்னத்திலேயே கல்குடாவில் வென்று அமைச்சரான கே.டபிள்யூ. தேவநாயகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழர் என்றால் 18 மட்டும் இல்லை.

கே: எதிர்க்கட்சித் தலைவர் பதவியால் தமிழர்களுக்கு உண்மையில் என்ன கிடைத்தது? பூசி மெழுகாமல் சொல்லுங்கள். – வாசகர், கோண்டாவில்

ப: ஒரு கதிரை, ஒரு வாகனம், வெளிநாட்டுத் தூதுவர்களைச் சந்திக்க ஒரு தகுதி. பூசி மெழுகாமல் இவ்வளவுதான்.

அரசியலமைப்பை மாற்ற மூன்றில் இரண்டு வேண்டும், அதாவது 112. ஜே.ஆரின் கையில் 140, சபையில் சரியாக ஆறில் ஐந்து பங்கு. 28 பேர் அன்றைக்குக் காய்ச்சல் என்று வீட்டில் படுத்திருந்தாலும் அவர் நினைத்தது நிறைவேறும். அப்படிப்பட்ட சபையில் எதிர்க்கட்சித் தலைவர் என்ன பேசினாலும் சபைப் பதிவேடான ஹன்சாட்டில் அச்சாகும், அதற்கு மேல் எதுவும் நடக்காது. 1978இல் நிறைவேற்று ஜனாதிபதி முறையோடு புது அரசியலமைப்பு வந்தது, கூட்டணியின் கையெழுத்து அதில் எங்கேயும் இல்லை. தமிழுக்குத் ‘தேசிய மொழி’ என்று ஒரு இடம் கொடுத்தார்கள். அரசகரும மொழி சிங்களமாகவே இருந்தது.

சபை ஆகஸ்ட் 4ஆம் திகதி கூடியது. அந்த மாதம் முடிவதற்குள் நாட்டின் பல பகுதிகளில் தமிழர்களை அடித்து விரட்டினார்கள். எதிர்க்கட்சித் தலைவரான சூடு ஆறுவதற்குள் அவர் தன் சனத்துக்கு நடந்ததைச் சபையில் எழுந்து சொல்ல வேண்டியதாயிற்று.

1981 இன்னும் விசித்திரம். மே கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும் யாழ்ப்பாணம் எரிந்தது, நூலகமும் சாம்பலானது. அடுத்த மாதமே ஆளும் கட்சி சபையில் ஒரு நம்பிக்கையில்லாத் தீர்மானத்தைக் கொண்டுவந்து நிறைவேற்றியது. யார் மேல்? எதிர்க்கட்சித் தலைவர் மேல்! அரசாங்கத்தின் மேல் சபைக்கு நம்பிக்கை இல்லை என்று எதிர்க்கட்சி கொண்டுவருவதைத்தான் உலகம் கண்டிருக்கிறது. எதிர்க்கட்சித் தலைவருக்கு அரசாங்கத்தின் நம்பிக்கை எதற்கு? அவர் பதவியும் அதனால் போகவில்லை, பிறகும் இரண்டு வருடம் அந்தக் கதிரையில்தான் இருந்தார். அவமானப்படுத்த வேண்டும் என்று நினைத்தார்கள், அதற்கு எண்ணிக்கை இருந்தது, செய்தார்கள்.

நான் அமிர்தலிங்கத்தின் ரசிகனும் இல்லை, விரோதியும் இல்லை. அந்தக் கதிரையை அவர் வேண்டாம் என்றிருக்க வேண்டும் என்று அன்றைக்கே இளைஞர்கள் சொன்னார்கள். எங்கள் ஒழுங்கையிலும் ஒரு அண்ணா அப்படிச் சொல்லி அப்பாவோடு சண்டை பிடித்தார். வேண்டாம் என்றிருந்தால் என்ன, எட்டுப் பேர் கட்சி போய் உட்கார்ந்திருக்கும், 140 அப்படியே 140ஆக இருந்திருக்கும். பிழை கதிரையில் உட்கார்ந்ததில் இல்லை. அது எங்கள் பலத்தால் வந்தது என்று மேடை மேடையாகப் பெருமைப்பட்டோமே, அதில்தான். சிங்கள எதிர்க்கட்சி விழுந்த பள்ளத்தில் நாங்கள் உயரமாகத் தெரிந்தோம்.

கே: ஆறு வருடத்துக்குத் தெரிவான சபை எப்படிப் பதினொரு வருடம் இருந்தது? பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லித்தரவே இல்லை. – வாசகி, வெள்ளவத்தை

ப: விளக்கும் குடமும் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்கள்.

சபை 1983 ஆகஸ்டில் முடிய வேண்டும். 1982 ஒக்டோபரில் ஜே.ஆர். ஜனாதிபதித் தேர்தலில் சுமார் 53 வீதம் எடுத்து வென்றார். உடனே ஒரு கணக்குப் போட்டிருப்பார். புது அரசியலமைப்பின்படி அடுத்த பொதுத் தேர்தல் விகிதாசார முறையில். 53 வீதத்துக்குப் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் ஆசனம், மூன்றில் இரண்டு கனவிலும் கிடையாது. ஆகவே தேர்தலே வேண்டாம், இதே சபையை இன்னொரு ஆறு வருடம் நீட்டிவிடலாமா என்று மக்களிடம் கேட்டார். நக்சலைட் சதி என்று ஒரு காரணமும் சொன்னார். ஆளும் கட்சி உறுப்பினர்களிடம் திகதி போடாத இராஜினாமாக் கடிதங்களையும் வாங்கி வைத்துக்கொண்டார்.

1982 டிசம்பர் 22, சர்வசன வாக்கெடுப்பு. நீட்டலாம் என்றால் விளக்கு, வேண்டாம் என்றால் குடம். விளக்குக்கு 54.66 வீதம். யாழ்ப்பாண மாவட்டத்தில் பத்தில் ஒன்பது பேர் குடத்துக்குப் போட்டார்கள், ஆனால் நாடு முழுவதும் சேர்த்து எண்ணினால் அது எடுபடவில்லை.

இன்றைக்கும் எனக்கு வாய் பிளக்கிற இடம் இதுதான். 1977இல் ஒரு நாள் விழுந்த வாக்கு, பழைய தொகுதிவாரிக் கணக்கில் பெருத்து 140 ஆகி, அந்த 140 தன்னைத் தானே நீட்டிக்கொண்டு 1988 டிசம்பரில் கலைக்கும்வரை இருந்தது. நான் பன்னிரண்டு வயதில் கேட்ட தேர்தல் முடிவு, எனக்கு இருபத்துமூன்று வயதாகும்போதும் நாட்டை ஆண்டுகொண்டிருந்தது. வாக்குரிமை வந்து ஐந்து வருடம் ஆகியும் ஒரு பாராளுமன்றத் தேர்தலில் புள்ளடி போட்டதில்லை.

சும்மா சொல்லக்கூடாது, இடையில் ஒரு சின்னத் தேர்தல் நடந்தது. விளக்கு தோற்ற இடங்களை வைத்து 18 தொகுதிகளில் 1983 மே 18இல் இடைத்தேர்தல். யானைக்கு 14, சுதந்திரக் கட்சிக்கு 3, மஹரகமையில் தினேஷ் குணவர்தன.

கே: அந்த 18 பேரும் கடைசிவரை இருந்தார்களா? – வாசகர், மட்டக்களப்பு

ப: முதல் வருடமே குறையத் தொடங்கியது. பொத்துவில் கனகரத்தினம் 1977 டிசம்பரிலேயே ஆளும் கட்சிப் பக்கம் போனார். அடுத்த மாதம் கொழும்பில் அவரைச் சுட்டார்கள். உடனே இறக்கவில்லை, 1980இல் இறந்தார், அவர் இடத்துக்கு அவருடைய சகோதரி றங்கநாயகி பத்மநாதன் வந்தார். பிறகு 1979இல் உங்கள் ஊர் இராசதுரை. 1956இலிருந்து அந்தத் தொகுதியை விடாமல் வைத்திருந்தவர், மட்டக்களப்பு மேடைகளின் சொல்லின் செல்வர், ஜே.ஆரின் அமைச்சரானார். ஏன் போனார், யார் தள்ளினார்கள் என்று நான் எழுதினால் பாதி மட்டக்களப்பு ஒரு பக்கமும் மறு பாதி மற்றப் பக்கமும் நின்று எனக்குக் கடிதம் போடும். விட்டுவிடுகிறேன்.

கோப்பாயிலும் வட்டுக்கோட்டையிலும் உறுப்பினர்கள் இறக்க, புதுச் சட்டப்படி இடைத்தேர்தல் இல்லாமல் கட்சியே ஆளை நியமித்தது. வட்டுக்கோட்டைக்கு வந்தவர் நீலன் திருச்செல்வம்.

மிஞ்சிய 16 பேரையும் யாரும் தோற்கடிக்கவில்லை. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு, ஆகஸ்டில் ஆறாவது திருத்தம் வந்தது. தனிநாட்டை ஆதரிக்க மாட்டேன் என்று ஒவ்வொரு உறுப்பினரும் சத்தியம் செய்ய வேண்டும். தனிநாட்டுக்கென்றே வாக்குக் கேட்டு வந்தவர்கள் எப்படிச் செய்வது? சபைக்குப் போகாமல் இருந்தார்கள், மூன்று மாதம் வராதவருக்கு ஆசனம் போய்விடும் என்ற விதி மிச்சத்தைச் செய்தது. கதிரை அநுர பண்டாரநாயக்கவுக்குப் போனது. 1982இல் தியவன்னா ஓயாவில் தண்ணீருக்கு நடுவே திறந்த அந்தப் புதிய பாராளுமன்றக் கட்டடத்தில் கூட்டணி உட்கார்ந்தது ஒரு வருடச் சொச்சம்தான். வடக்கு தன் ஆட்கள் இல்லாமலே மிச்ச ஐந்து வருடத்தையும் கழித்தது.

கே: இந்தச் சபை எத்தனையாவது பாராளுமன்றம்? ஒரு புத்தகத்தில் எட்டாவது என்றும் இன்னொன்றில் முதலாவது என்றும் இருக்கிறது. நாளைக்கு வகுப்பில் சொல்ல வேண்டும். – மாணவி, திருகோணமலை

ப: இரண்டும் சரி பிள்ளை. 1947இலிருந்து நடந்த தேர்தல்களை எண்ணினால் 1977 எட்டாவது. ஆனால் தெரிவானபோது அதன் பெயர் பாராளுமன்றமே இல்லை, 1972 அரசியலமைப்பின்படி ‘தேசிய அரசுப் பேரவை’. 1978 செப்டம்பரில் புது அரசியலமைப்பு வந்ததும் அதே ஆட்கள், அதே கதிரைகள், பெயர் மட்டும் பாராளுமன்றம் என்று மாறி, எண்ணிக்கையும் ஒன்றிலிருந்து தொடங்கியது. அந்தக் கணக்கில்தான் சம்பந்தன் எதிர்க்கட்சித் தலைவராக இருந்த 2015 சபையையும் எட்டாவது என்கிறார்கள். வகுப்பில் ‘எட்டாவது’ என்று மட்டும் சொல்லிவிட்டு உட்காராதே, எந்த எட்டு என்று டீச்சர் கேட்பார்.